மூங்கில் கழியில் காயும் நாவலாசிரியர்

முகம் இல்லாமல் பக்கம் ஓடாது என்றார் தவப்பிரகாசம்.
ஞாயிறு மலர் அவர் பொறுப்பு.
முப்பது ஆண்டாய்ப் பூவராகனின் பின்னட்டையில்
ஒரு சாம்பல் சதுரம்தான்.
அதற்குள் இரண்டு சொல்: படம் கிடைக்கவில்லை.
அந்தச் சதுரமும் நாவலில் ஒரு பாத்திரம் என்று நிறுவி
ஒருவர் முனைவரே ஆகிவிட்டார்.

அங் மோ கியோ. புளோக் எண்ணைச் சொல்ல மாட்டேன்.
ஈரச்சந்தைக்குப் பின்னால், கோப்பிக்கடைக்கு எதிரே,
ஆறாம் மாடி, வலக்கோடி.
இரண்டு நாள் நின்றேன்.
முதல் நாள் வெயில்.
மறுநாள் விடியலில் சுமத்ராக் காற்று
குடையைப் பறித்துக்கொண்டு போய்
கார்ப்பேட்டையில் போட்டது. பிறகு அதே வெயில்.

சன்னலுக்கு வெளியே மூன்று கழி.
ஒரே நீலத்தில் ஐந்து சட்டை,
ஒரு கைலி,
இணையில்லாத காலுறை ஒன்று.
பதினொன்றரைக்கு ஒரு கை வந்தது, முழங்கை வரை.
கிளிப்பைத் திருத்திவிட்டுப் போனது.
பணிப்பெண்ணின் கையாகவும் இருக்கலாம்.
எடுத்தேன். வேறென்ன செய்ய,
மாத முடிவில் வாடகை இருக்கிறது.

அரைப்பக்கத்துக்கு வந்தது துணி.
மேலே, நான் வைக்காத தலைப்பு: "இவர்தான் அவர்!"

அடுத்த புதன்கிழமை கோப்பிக்கடையே எழுந்து வந்து
வானத்தைப் பார்த்துச் சிரித்தது.
கழிகளில் தாதியர் சீருடை,
தொடக்கப்பள்ளிப் பாவாடை,
இரண்டு பேர் நுழையக்கூடிய கால்சட்டை,
கைக்குழந்தைச் சட்டை, உயிர்காப்பு அங்கி,
கடைசியாக, ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல்
மடிப்புக் கலையாத பட்டுவேட்டி.
அந்த வீட்டில் எத்தனை பேர் என்று
கோப்பி கலக்கும் ஆ ஹுவாட் மலாயில் கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
அது உண்மை. இப்போதும் உண்மை.

இரண்டு வருடம் கழித்து நாவல் வந்தது.
அறுநூற்றுப் பதினோரு பக்கம்.
ஒன்பதாம் அத்தியாயம் இல்லை, பத்தாவது இரண்டு முறை.
பக்கம் 347, அடிக்குறிப்பு 88:
"கீழே ஒருத்தி ஆறாம் மாடியைப் பார்த்து நிற்கிறாள்.
இடக்கால் செருப்பின் வார் அறுந்து
ஊக்கு குத்தியிருக்கிறது."

ஊக்கு குத்தியிருந்தேன்தான்.

அன்று மாலையே போனேன்.
நான் நின்ற இடத்தில் அதே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
வெறுங்காலோடு மின்தூக்கியில் ஏறி
ஆறாம் மாடி மாடிப்படிச் சன்னலில் எட்டிப் பார்த்தேன்.
செருப்பே ஒரு புள்ளி.
ஊக்கு எங்கே தெரியும்?

மேலிருந்து பார்க்கவில்லை என்றால்,
கீழே.
கீழே யார் யார் இருந்தார்கள்?
கோழி வாங்கிப் போன அம்மாள், சீனச் சதுரங்கக் கிழவர்கள்,
புறாவைத் துரத்திய பையன்.
அப்புறம் ஒரு குரல், என் தோளுக்குப் பின்னால்,
தமிழில், அவசரமே இல்லாமல்:
"செருப்பு தைக்கணுமா?
சந்தைக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்காரு."

வேலையில் இருக்கிறேன் என்றேன்.
திரும்பவில்லை. கண் அந்தக் கையில் இருந்தது,
மேலே, கிளிப்பில்.
பிளாஸ்டிக் பை உரசும் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது.
கீரை வாசம் என்றுகூடச் சில நாள் தோன்றும்.
அதை நானே சேர்த்துக்கொண்டேனோ என்னவோ.

அடிக்குறிப்பு 89 ஒரே வரி:
"அவள் திரும்பினாள். எடுத்தாள்."

இப்போது வாசகர்கள் எழுதிக் கேட்கிறார்கள்.
முனைவர் இருமுறை தொலைபேசினார்.
அந்தப் படத்தை ஏன் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று
தவப்பிரகாசத்துக்கு என்மேல் கோபம்.
எடுக்கவே இல்லை என்றால்
புத்தகத்தை நீட்டுகிறார்கள்.

செருப்பைத் தைத்துவிட்டேன்.
சந்தைக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்.
நான்கு வெள்ளி.